தேடப் போன சனம்

பறையில் மூணு அடி உண்டு என்பார் எங்க பெரிப்பா. சாவுக்கு ஒண்ணு, சாமிக்கு ஒண்ணு, சேதிக்கு ஒண்ணு. முதல் ரெண்டையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். மூணாவதை ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறேன். 1998, ஆடி மாசம். எனக்கு ஒன்பது வயசு. பொழுது விடிந்தும் விடியாமலும் பெரிப்பா காலனித் தெருவிலிருந்து புறப்பட்டு ஊர்த் தெரு வரைக்கும் போனார். பின்னால் நாங்கள் பத்துப் பதினைந்து பிள்ளைகள்.

“அஞ்சு வயசுப் பையன், செவப்புச் சொக்கா, காக்கி டவுசரு, கால்ல செருப்பில்ல, நேத்து மத்தியானத்துலருந்து காணம், கண்டவங்க காலனில வந்து சொல்லுங்க சாமியோவ்...”

அந்தச் ‘சாமியோவ்’ இன்றைக்கும் என் காதில் குத்துகிறது. காணாமல் போனது எங்கள் பிள்ளை. அதைச் சொல்லவும் கும்பிட்டுக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது. அம்மன் கோயில் தெருமுனை வந்ததும் பெரிப்பா யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மெட்ராஸ் பட்டணத்துக்குப் பக்கத்தில், மின்சார ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில், 1998-இல் நடந்தது இது. கிராமத்தில்தான் அதெல்லாம், பட்டணத்துப் பக்கம் ஏது என்று கேட்கிற நண்பர்களுக்காக ஆண்டைக் குறிப்பிடுகிறேன்.

பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவில், மலையை வெட்டி எடுத்த பள்ளங்களை ஒட்டி எங்கள் காலனி இருந்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அந்தப் பக்கமெல்லாம் அதற்குள் போய்விட்டது. அப்போது சனங்களுக்குத் தெரிந்த வேலை ரெண்டு. ஆம்பளைகளில் பாதிப்பேர் நாகல்கேணி தோல் கம்பெனிகளில். மிச்சப்பேரும் பொம்பளைகளும் கல்லுடைக்கிற வேலையில். காணாமல் போன பையனின் அப்பா தோல் கம்பெனி, அம்மா ஜல்லி உடைப்பவர். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பாட்டி கண்ணசந்த நேரத்தில் பையன் தெருவிலிறங்கிப் போய்விட்டான்.

தேடுதல் என்கிற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை யாரும் எழுதவில்லை. யார் தேடினார்கள், யாருக்காகத் தேடினார்கள், தேடியவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால் சாதியில் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதால்கூட எழுதாமல் இருந்திருக்கலாம். நான் அதன் ஒரு முனையைப் பிடித்துப் பார்க்கிறேன். எனக்குக் கிடைத்த முனை அந்த ஆடி மாசம்.

அன்றைக்குத் தேடிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை காணோம் என்று தெரிந்த அரை மணி நேரத்தில் காலனி தானாகப் பிரிந்துகொண்டது. உத்தரவு போட ஆள் இல்லை. பொம்பளைகள் கிணறு கிணறாகப் போய்ப் பாதாளக் கரண்டியை இறக்கித் துழாவினார்கள். தண்ணிக்குள் விழுந்த வாளியை எடுக்கிற கரண்டிதான். அது அடியில் எதிலாவது சிக்கும்போது, மேலே கயிறு பிடித்திருந்தவள் மூச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பொடிசுகள் எங்களை லாரிகளுக்கு அடியில், தண்ணித் தொட்டிக்குள், கட்டிமுடிக்காத வீடுகளுக்குள் குனிந்து பார்க்கச் சொன்னார்கள். அம்பேத்கர் மன்றத்துப் பையன்கள் ஒரு மைக்செட்டை வாடகைக்கு எடுத்து சைக்கிள் ரிக்‌ஷாவில் கட்டிக்கொண்டு அனகாபுத்தூர் வரைக்கும் போனார்கள். மசூதியில் போய்ச் சொன்னோம். தொழுகை முடிந்ததும் மைக்கில் சொன்னார்கள். ஊர்க் கோயில் மைக்கில் சொல்லச் சொல்லிக் கேட்டதற்கு, “சாமி மைக்குல அதெல்லாம் சொல்லக் கூடாது” என்று பதில் வந்தது.

பையனின் அப்பாவும் இன்னும் நாலு பேரும் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். முதல் கேள்வி, “எந்தத் தெரு?” காலனி என்று சொன்ன பிறகு ரெண்டாவது கேள்வியே வரவில்லை. “குடிச்சிட்டுக் கெடந்தா புள்ள எங்க போச்சின்னு எப்படித் தெரியும்? போயி நல்லாத் தேடிட்டு, கெடைக்கலன்னா நாளைக்கு வா.” மறுநாள் போனபோது ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எப்.ஐ.ஆர். இல்லை. ரசீது இல்லை. வயர்லெஸ்ஸில் சொல்லியிருப்பார்கள் என்று நம்பினோம். சொல்லவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

“போயி நல்லாத் தேடிட்டு வா.” இந்த வாக்கியத்தைச் சேரிச் சனங்கள் எத்தனை காவல் நிலைய வாசலில் கேட்டிருப்பார்கள்! தேட வேண்டிய அரசு, தேடுகிற வேலையைப் பெற்றவர்கள் தலையிலேயே திருப்பிக் கட்டிவிடுகிற வாக்கியம் இது. நாமும் தேடுகிறோம். தேடாமல் இருக்க முடியுமா? நாம் தேடுவதே அவர்கள் தேடாமல் இருப்பதற்குச் சாக்காகிவிடுகிறது.

அதற்கு எதிராகச் சட்டம் பேச இன்னும் 15 வருஷம் பிடித்தது. 2013 மே 10-ஆம் தேதி, பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில், குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் உடனே வழக்குப் பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்கிற அனுமானத்தோடுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 12-இல், நம்மூர்க்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே தீரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்றைக்கு எல்லா வக்கீல்களும் மேற்கோள் காட்டுகிற அந்தத் தீர்ப்புக்குப் பெயர் லலிதா குமாரி வழக்கு. சட்டப் புத்தகத்தில் அது ஒரு வழக்கின் பெயர். உத்தரப் பிரதேசத்தில் 2008-இல் காணாமல் போன ஒரு சின்னப் பெண்ணின் பெயர் அது என்பதும், புகாரைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய அப்பா அலைந்த அலைச்சல்தான் அந்தத் தீர்ப்பு என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

தீர்ப்பு வந்துவிட்டால் வாசல் திறந்துவிடுமா? 2016 டிசம்பர் கடைசியில் அரியலூர் மாவட்டம் சிறுகடம்பூரில் ஒரு தலித் பெண் பிள்ளை காணாமல் போனாள். அம்மா காவல் நிலையத்துக்கு அலைந்தார். 2017 பொங்கல் அன்று கிணற்றில் பிணமாகக் கிடைத்தாள். போலீஸ் உடனே அசைந்திருந்தால் என்கிற கேள்வியைத் தலித் இயக்கங்கள் தெருவில் வைத்துக் கேட்டன. நம் பெண் காணாமல் போனால் “எவனோடயாவது ஓடியிருப்பா”, நம் ஆண் பிள்ளை காணாமல் போனால் “எங்கியாவது சுத்திட்டு வந்துருவான்”. இந்த ரெண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் முதல் இருபத்திநாலு மணி நேரம் செத்துப்போகிறது.

நொய்டா நித்தாரியில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பிழைக்க வந்த கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள் 2005, 2006-இல் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போனார்கள். புகார் கொடுத்தவர்களைத் துரத்தினார்கள். 2006 டிசம்பரில் அந்தப் பங்களாவுக்குப் பின்னாலிருந்த சாக்கடையில் எலும்புகள் வெளியே வந்தன. அந்தச் சாக்கடையில் முதலில் இறங்கித் துழாவியது தாங்கள்தான், போலீஸ் அதற்குப் பிறகுதான் வந்தது என்று அந்த மக்கள் சொன்னார்கள். விசாரணை எந்த லட்சணத்தில் நடந்தது என்பதற்கு, 2025 நவம்பரில் கடைசி வழக்கிலும் குற்றவாளி என்று யாரையும் நிறுத்த முடியாமல் போனதே சாட்சி. பிள்ளைகளைத் தேடியவர்கள் பெற்றவர்கள். தேட வேண்டியவர்கள் ஃபைலை மூடி வைத்திருந்தார்கள்.

எங்கள் காலனிக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலையில் எல்லாரும் பயந்துகொண்டிருந்த வார்த்தையை யாரோ சொன்னார்கள். “கல்லுக்குட்டை.”

இந்தக் கல்லுக்குட்டைகளைப் பற்றி வரலாறு படித்தவர்கள் ஒன்று சொல்வார்கள், நாங்கள் வேறொன்று சொல்வோம். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபுட் என்கிற நிலவியல் அதிகாரி பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குழியை வெட்டியவர்கள் யார் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற வெள்ளைக்காரனின் கல்லறைக் கல் இருக்கிறது. 1893-இல் ஹாலண்ட் என்பவர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அது பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையின் இனம் என்று கண்டு, செத்தவன் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். உலகம் முழுக்க இன்றைக்கு அந்தப் பாறைக்குச் ‘சார்னோகைட்’ என்றுதான் பெயர். கல்லின் மேல் படுத்தவன் பெயர் கல்லுக்கு. கல்லை உடைத்தவன் பெயர் எதற்கும் இல்லை.

திரிசூலம், பல்லாவரம், பம்மல், நன்மங்கலம் என்று தென்புறநகர் முழுக்க மலைகளைக் குடைந்தார்கள். மெட்ராஸின் ரோடும் வீடும் அந்தக் கல்லில் எழுந்தன. கல் தீர்ந்த இடத்தில் குத்தகைக்காரன் அப்படியே விட்டுவிட்டுப் போனான். மழைத் தண்ணி நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சை நிறத்தில் குளம் மாதிரி அழகாகத் தெரியும். கரையிலிருந்து ஒரு அடி வைத்தால் முழங்கால், அடுத்த அடி முப்பது நாற்பதடி. ஏரியில் சரிவு இருக்கும், கால் தட்டுப்படும். கல்லுக்குட்டையில் செங்குத்துச் சுவர்தான். பிடித்து ஏற ஒன்றுமில்லை. கோடை விடுமுறை வந்தால் ஒரு பிள்ளையாவது அதற்குள் போகும். 2017-லும் 2019-லும் சென்னையில் குடிதண்ணி வறண்டபோது, மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துக் கல்குவாரிக் குட்டைகளின் ஞாபகம் அரசாங்கத்துக்கு வந்தது. மோட்டார் வைத்து இறைத்து, சுத்திகரித்து, பட்டணத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பட்டணத்துக்குத் தாகம் எடுத்தால் அந்தக் குழிக்கு மதிப்பு. எங்கள் பிள்ளை விழுந்தால் அது ‘தடை செய்யப்பட்ட பகுதி’.

தீயணைப்பு வண்டி வந்தது. கயிறு, கொக்கி எல்லாம் இருந்தது. வந்தவர்கள் நல்ல மனுஷர்கள்தான். கொக்கியை வீசி வீசி இழுத்தார்கள். மத்தியானம் ஆனதும் அவர்களில் பெரியவர் ஒருவர் கரையில் நின்ற எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், “இங்க முழுவுற ஆளு யாரும் இல்லியா?”

இருந்தார். எனக்கு மாமா முறை. அவர் அந்தக் குவாரியில் பதினைந்து வருஷம் தமர் அடித்தவர். தமர் என்றால் வெடி வைக்கப் பாறையில் போடுகிற துளை. உளியும் சம்மட்டியுமாகத் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரி கொளுத்திவிட்டு ஓடி வருவது. தண்ணிக்குக் கீழே எந்த மட்டத்தில் படி இருக்கிறது, எங்கே குடைவு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் குடைந்ததே அவர்தான். நீச்சல் கற்றுக்கொடுத்து யாரும் அவரை முழுகச் சொல்லவில்லை. குழியை வெட்டியவனுக்குத்தான் குழியின் அடி தெரியும்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கையில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மாமா இறங்கினார். கல் சீக்கிரம் கீழே கொண்டுபோகும். கீழே போனதும் அதை விட்டுவிட்டு இருட்டில் கையால் துழாவ வேண்டும். கயிற்றை ரெண்டு தரம் வெட்டி இழுத்தால் மேலே தூக்க வேண்டும். எத்தனை தடவை முழுகினார் என்று அன்றைக்கு எண்ணினேன், இருபத்தியிரண்டு வரை எண்ணியது நினைவிருக்கிறது. பத்தடிக்குக் கீழே போனாலே காது அடைக்கும். அவர் போனது அதற்கு எத்தனையோ பங்கு. கடைசித் தடவை மேலே வந்தபோது வலது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. “இல்ல. கீய இல்ல. நான் நல்லாப் பாத்துட்டன், கொயந்த இங்க இல்ல” என்று மட்டும் சொன்னார். பையனின் அம்மா அப்போதுதான் மூன்று நாளில் முதல் தடவையாகத் தண்ணி குடித்தார்.

பையன் குட்டையில் இல்லை. பல்லாவரம் ஸ்டேஷனில் ரயிலேறிப் போயிருந்தான்.

கண்டுபிடித்தது யார் என்று கேளுங்கள். எங்கள் காலனி ஆயா ஒருத்தி மின்சார ரயிலில் கொய்யாப்பழம் விற்பவர். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அந்த ரயிலில் பூ விற்கிறவர்கள், வேர்க்கடலை விற்கிறவர்கள், ஊசி, சீப்பு, ஊக்கு விற்கிற பார்வையற்றவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருக்கிற தனி சனம். ஆயா பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டு போனார். சொன்னது எதிர் ரயிலில் போனது. நாலாம் நாள் சாயங்காலம் பார்வையற்ற வியாபாரி ஒருவர் ஆயாவின் குரலைக் கேட்டு நிறுத்தி, “பீச்சு ஸ்டேஷன்ல பூக்காரம்மா ஒரு பையனப் போலீசாண்ட இட்டுனு போயி உட்டாங்களாமே, செவப்புச் சொக்காவாமே” என்றார். நிறம் பார்த்தறியாத மனுஷர் நிறத்தை அடையாளம் சொன்னார். எங்கிருந்தோ கேட்டதை அப்படியே காதில் வைத்திருந்தார்.

பையன் காணாமல் போன அன்றைக்கு ராத்திரியே பட்டணத்தில் ஒரு காப்பகத்தில் சேர்க்கப்பட்டிருந்தான். அப்பா பேர் சொல்லத் தெரிந்தது, ஊர் பேர் கேட்டதற்குக் “காலனி” என்று சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஊர் பேர் அதுதானே. ஒரு காவல் நிலையம் இன்னொன்றுக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் முதல் நாள் ராத்திரியே முடிந்திருக்கும். கிணற்றில் கரண்டி இறக்க வேண்டியதில்லை. பெரிப்பா செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. மாமா இருபத்தியிரண்டு தரம் முழுக வேண்டியதில்லை. 1098 என்கிற குழந்தைகள் உதவி எண் 1996-இல் மும்பையில் தொடங்கிவிட்டிருந்தது. எங்கள் காலனியில் அதைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

இந்த வேலைக்கு நாம் என்ன பெயர் வைப்பது? ‘தன்னார்வலர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நல்ல சொல்தான். அது யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்கிறேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நானும் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து, பிரிந்துபோன பிள்ளைகளின் பெயரை நோட்டில் எழுதி, பெற்றவர்களைத் தேடி ஆளனுப்புவதுதான் என் வேலை. வெளியே மீனவர்கள் லாரியில் படகைக் கொண்டுவந்து தெருவில் இறக்கினார்கள். அதே தெருவில் சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன்களும் நின்றார்கள். எல்லாரும் உழைத்தார்கள், மறுக்கவில்லை. தண்ணி வடிந்த பிறகு வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்தார்கள். கையுறை இல்லாமல், பூட்ஸ் இல்லாமல் பலர் அந்தச் சேற்றில் நின்றார்கள். செத்த மாடு, செத்த நாய், வீட்டுக் கழிவு எல்லாவற்றையும் தூக்கினார்கள். சோற்றுப் பொட்டலம் கொடுத்தவர் தன்னார்வலர். படகு ஓட்டியவர் மீனவர். சேற்றில் நின்றவர் ‘பணியாளர்’. சுனாமியில், 2004 டிசம்பரில், நாகப்பட்டினத்தில் பிணங்களை எடுத்ததும் இப்படிக் கொண்டுவரப்பட்ட நம் ஆட்கள்தான். தங்கள் பிள்ளைகளைத் தேடி வந்தவர்களுக்கு முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியவர்கள் அவர்கள். அந்த வேலை தேடுதல் ஆகாதா, மீட்பு ஆகாதா?

சாக்கடைத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி விழுந்தவனைத் தூக்க உடனே இன்னொருவன் இறங்குகிறான், அவனும் சாகிறான். தமிழ்நாட்டில் இது எத்தனை தடவை நடந்துவிட்டது! அந்த ரெண்டாவது ஆளைப் பத்திரிகைகள் ‘உடன் வேலை செய்தவர்’ என்று எழுதுகின்றன. தன்னார்வ மீட்பு என்பதற்கு அவனைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2019 அக்டோபர் 25-ஆம் தேதி மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் 26 அடியில் சிக்கியிருந்தது, பிறகு நழுவி 88 அடிக்குப் போனது. நடுவில் தீபாவளி. தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. தாங்களே செய்த கருவிகளோடு பல ஊர்களிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அதில் மதுரை மணிகண்டன் ஒருவர். தன் மகன் ஒரு குழியில் விழப் பார்த்ததிலிருந்து இந்தக் கருவியே கதி என்று கிடந்தவர். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கம் குத்தாலப்பேரியில் அவருடைய கருவிதான் ஒரு பிள்ளையை உயிரோடு தூக்கியது. இந்தத் தடவை முடியவில்லை. பக்கத்தில் ராட்சத இயந்திரம் வைத்துப் பாறையைக் குடைந்தார்கள். 29-ஆம் தேதி விடியும் முன் உயிரில்லாமல் எடுத்தார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே ஒன்று நினைத்தேன். மூடாத ஆழ்துளைக் கிணறு பற்றி உச்ச நீதிமன்றம் 2010-லேயே விதிமுறை சொல்லியிருந்தது. விழுந்த பிறகு வருகிற இயந்திரம் மூடுவதற்கு ஏன் வரவில்லை? பாறையைக் குடைய இயந்திரம் கிடைக்கிறது, சாக்கடைக்குள் இறங்க மட்டும் இன்னும் மனுஷன்தான் கிடைக்கிறானா? அந்தக் குழந்தைக்குச் செய்ததைக் குறை சொல்லவில்லை. அப்படித்தான் எல்லாப் பிள்ளைக்கும் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் 1979 முதல் 1981 வரை கறுப்பினப் பிள்ளைகளும் இளைஞர்களுமாக இருபத்தியெட்டுப் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஆரம்பத்தில் போலீஸ் சொன்னது நமக்குத் தெரிந்த வாக்கியம்தான்: ஓடிப்போன பிள்ளைகள், தெருப் பிள்ளைகள். தாய்மார்கள் தாங்களே ஒரு கமிட்டி கட்டினார்கள். 1980 அக்டோபரில் தன்னார்வலர்கள் வாரக் கடைசிகளில் கூட்டம் கூட்டமாகக் காடு, புதர்களுக்குள் வரிசையாக நடந்து தேடத் தொடங்கினார்கள். 18-ஆம் தேதி தேடலில், ஜூன் மாசம் காணாமல் போன ஏழு வயதுச் சிறுமியின் எலும்புகளை அந்தச் சனமே கண்டெடுத்தது. நான்கு மாதம் போலீஸ் கண்ணில் படாதது. ஜேம்ஸ் பால்ட்வின் 1985-இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். டோனி கேட் பம்பாரா தன் வாழ்நாளில் பல வருஷங்களை இதற்கென்றே கொடுத்து எழுதிய நாவல், அவர் செத்த பிறகு 1999-இல் வெளிவந்தது. அவர்கள் தேடியதை அவர்கள் எழுத்தாளர்கள் எழுதினார்கள். கறுப்பிலக்கியத்திலிருந்து நாம் எத்தனையோ கற்றுக்கொண்டதாகச் சொல்கிறோம். நம் கல்லுக்குட்டைகளை நாம் எழுதினோமா?

2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்றார். சந்தோஷம்தான். இழிவென்று நாம் எப்போதோ சொன்னதை அரசாங்கம் காலந்தாழ்ந்து சொன்னது. அந்தச் செய்தியைப் பெரிப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வெற்றிலையை மென்றார். “அது செரிதான். ஆனா அன்னிக்கி நான் அடிச்சது அவங்க சொன்ன தண்டோரா இல்லியே. நம்ம புள்ளைக்கு நானே அடிச்சேன். யாரும் அடிக்கச் சொல்லல” என்றார். அவரோடு வாதாட எனக்குச் சொல் வரவில்லை. பறையை விட வேண்டும், பறையை எடுக்க வேண்டும் என்று நாம் இருபது முப்பது வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறோம். ரெண்டு பக்கமும் சொன்னது எதிலும் அடங்காத ஒரு அடியை அவர் வைத்திருந்தார்.

இப்போது பிள்ளை காணோம் என்றால் வாட்ஸ்அப்பில் போட்டோ பறக்கிறது. பிள்ளை கிடைத்து வருஷம் ரெண்டான பிறகும் பறந்துகொண்டிருக்கிறது. காலனிப் பையன்கள் இன்னும் குட்டைக்குப் போய்ப் பார்க்கிறார்கள். காவல் நிலையத்தில் வழக்குப் பதிய மறுத்தால் எந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டும் என்று மன்றத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ரெண்டு தரம் அது வேலை செய்தது. ஒரு தரம், “எங்களுக்கே சட்டம் சொல்றியா” என்று எங்களைத்தான் வெளியே தள்ளினார்கள்.

அன்றைக்குக் காணாமல் போன பையனுக்கு இப்போது முப்பத்திரண்டு வயசு தாண்டிவிட்டது. குரோம்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். நாலு நாள் காப்பகத்தில் இருந்தது அவனுக்கு நினைவில்லை. ஒரு அம்மா வாழைப்பழம் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது என்கிறான், அந்தப் பூக்காரம்மாவாக இருக்கும். மாமாவுக்கு அன்றைக்குப் போன வலது காது போனதுதான். யாரும் எந்தத் தாளிலும் அதை எழுதவில்லை, எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் காரணம் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் அவன் மாமாவைப் பார்க்க வருவான். துண்டு, பழம் எல்லாம் வைத்துவிட்டு, மாமாவுக்கு இடது பக்கமாகப் போய் உட்காருவான்.

“இன்னாடா, எங்கனா போயிட்டியா மறுபடியும்?” என்று ஒவ்வொரு வருஷமும் மாமா கேட்பார்.

“எங்கியும் போவல மாமா. இங்கதான் கீறேன்” என்று அவன் அந்தக் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சத்தமாகச் சொல்வான்.